கடல் கடந்து வரும் கடைகள்

“வால்மார்ட் வரப் போகிறதாமே?” என்ற கேள்வி 2012-ஆம் வருஷத்தில் நமது காஞ்சியிலும் அடிக்கடி காதில் விழுந்தது. அரிசி மண்டிக்காரர் கேட்டார். காந்தி ரோட்டு ஜவுளிக்காரர் கேட்டார். தறியை விட்டு எழுந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த பிள்ளையார்பாளையத்து நெசவாளரும் கேட்டார். அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில்தான் மத்திய சர்க்கார், பலவகைச் சாமான் விற்கும் சில்லறைக் கடைகளில் அந்நியக் கம்பெனிகள் நூற்றுக்கு 51 பங்கு வரையில் முதல் போடலாம் என்று உத்தரவு பிறப்பித்திருந்தது. பார்லிமெண்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தமிழ்நாட்டில் அதற்கு இடம் கொடுப்பதில்லை என்று அப்போதைய முதல் மந்திரி ஜெயலலிதா திட்டமாகச் சொல்லிவிட்டார்.

உத்தரவை முழுவதும் வாசித்தவர்கள் நமது ஊரில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அதன்படி பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில்தான் இக்கடைகள் வரலாம். நமது ஊருக்கு அதில் கால் பங்கு ஜனத்தொகைகூட இல்லை. வருகிற கம்பெனி குறைந்தது பத்துக் கோடி டாலர் கொண்டுவர வேண்டும். அதில் பாதியைக் கிடங்கு, குளிர்சாதன அறை முதலியவற்றில் போட வேண்டும். வாங்கும் தயாரிப்புச் சாமான்களில் நூற்றுக்கு முப்பது பங்கு இந்நாட்டுச் சிறுதொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தந்த மாநிலத்தின் சம்மதமும் வேண்டும். இவ்வளவு தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்துப் பயப்படுவானேன் என்று அன்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானம் நமக்குத் திருப்தி தரவில்லை. பெரிய கடைகள் அயல்நாட்டில் நுழைந்த வரலாற்றைப் பார்த்தால், அவை வாசல் வழியாக வந்தது அபூர்வம் என்பது தெரியவரும். எந்த வழியாக வந்தன, வந்தவை ஏன் நிலைத்தன அல்லது போயின என்பதை நேயர்களுடன் சேர்ந்து சற்று ஆராய்வோம்.

அந்நியக் கடை நமக்குப் புதியதல்ல. 1860-களிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஸ்பென்ஸர் கம்பெனி தோன்றிவிட்டது. அது ரயில்வே சிற்றுண்டிச் சாலைகள் நடத்திற்று, ஹோட்டல்கள் நடத்திற்று, திண்டுக்கல்லில் சுருட்டுச் செய்து கடல் கடந்தும் விற்றது. ஒயிட்அவே லெய்ட்லா கம்பெனி 1882-ல் கல்கத்தாவில் ஆரம்பமாயிற்று. சென்னை, கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் என்று, பிரிட்டிஷ் கொடி பறந்த இடத்திலும் பிரிட்டிஷ் வியாபாரம் நடந்த இடத்திலும் அதன் கிளைகள் முளைத்தன. தொப்பி, காலுறை, படுக்கை விரிப்பு, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் கடன் கிடையாது. கையில் காசு, கையில் சாமான். இதனால் துரைமார்களே அக்கடையின் பெயரைக் கேலியாகத் திரித்து ‘ரைட்அவே அண்டு பெய்ட்ஃபார்’ என்று சொல்வதுண்டாம். ‘உடனே கொடு, உடனே எடு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைகள் ஏன் அவ்வளவு சுலபமாக நுழைந்தன? ராஜ்யம் அவர்களுடையது என்பது ஒரு காரணம். அதைவிட வியாபார சம்பந்தமான காரணம் ஒன்று உண்டு. இவர்களுடைய வாடிக்கைக்காரர்கள் இவர்களுக்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டார்கள். கலெக்டர் துரைக்கும் தோட்டத்துத் துரைக்கும் ஜாம் புட்டி எதற்கு என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் சீமையில் எதைத் தின்றாரோ உடுத்தாரோ, அதையே இங்கேயும் தேடினார். கடை அவரைத் தொடர்ந்து வந்தது. தன் ஜனங்களின் பின்னால் போகும் கடைக்கு அந்நிய நாடு என்பதே கிடையாது. ஆனால் அதன் ஆயுசும் அந்த ஜனங்களின் ஆயுசுதான். துரைமார்கள் மூட்டை கட்டியதும் ஒயிட்அவேயின் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மவுண்ட் ரோட்டில் அதன் மாளிகை யாருக்குப் போயிற்று தெரியுமோ? ‘சுதேசமித்திர’னுக்கு! ஜி. சுப்பிரமணிய ஐயர் அப்பத்திரிகையை ஆரம்பித்ததும் அதே 1882-ஆம் வருஷந்தான். சீமைத் தொப்பி விற்ற கட்டடத்தில் தமிழ்ப் பத்திரிகை அச்சாயிற்று. கட்டடத்துக்கு ‘விக்டரி ஹவுஸ்’ என்று பெயரும் வந்தது. ஸ்பென்ஸர் மட்டும் கை மாறி, இந்திய முதலாளிகளிடம் வந்து பிழைத்தது. அதன் பழைய கட்டடம் 1980-களில் தீக்கு இரையாயிற்று.

இதே வழியில் போனவர்கள் நம்மவரிலும் உண்டு. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் தோன்றிய நல்லி சின்னசாமிச் செட்டியார் 1928-ல் சென்னைத் தியாகராய நகரில் கடை வைத்தார். அந்தக் கடைக்கு இன்று சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் கிளைகள் இருக்கின்றன. அங்கே கல்லாப்பெட்டிக்கு எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் யார்? கம்ப்யூட்டர் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போன நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும். கல்யாணத்துக்குக் கூறைப்புடவை வேண்டும் என்று அவர்களுக்கு விளம்பரம் செய்து சொல்ல வேண்டுமா? ஆகவே ஒயிட்அவே செய்ததைத்தான் நாமும் செய்திருக்கிறோம். சைனியம் இல்லாமல் செய்திருக்கிறோம், அதுதான் வித்தியாசம். இதில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. புடவை கட்டாதவர்களிடம் புடவை விற்கும் வித்தை இன்னும் நமக்குக் கைவரவில்லை.

தன் ஜனங்கள் இல்லாத ஊரில் போய்க் கடை வைப்பது வேறு காரியம். இதற்கு வால்மார்ட் ஜெர்மனியில் பட்ட பாட்டைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியாது. உலகத்திலேயே மிகப் பெரிய சில்லறை வியாபாரி, பணத்துக்குப் பஞ்சமில்லை. 1997-லும் அடுத்த வருஷத்திலும் ஜெர்மனியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இரண்டு கடைக் கூட்டங்களை அப்படியே விலைக்கு வாங்கிற்று. அமெரிக்க வழக்கப்படி வாசலில் ஆள் நிறுத்தி, வருகிறவர்களை முகமலர்ச்சியுடன் வரவேற்கச் சொல்லிற்று. ஜெர்மானியர், முன்பின் தெரியாத ஆசாமி காரணமில்லாமல் சிரிப்பதைக் கண்டு கொஞ்சம் மிரண்டார்கள். வாங்கிய சாமான்களைக் கடைச் சிப்பந்தியே பையில் போட்டுக் கொடுத்ததையும் அவர்கள் விரும்பவில்லை. இவை வேடிக்கையான விஷயங்கள். விபரீதமானவை வேறு. அங்கே ஆல்டி, லிடில் என்ற மலிவுக் கடைகள் முன்பே வேரூன்றியிருந்தன. வால்மார்ட்டின் ஒரே ஆயுதமான மலிவு அவர்களிடம் பலிக்கவில்லை. பால், மாவு முதலிய சாமான்களைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றுப் போட்டியிட்டபோது, 2000-ல் அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு அதிகாரிகள் குறுக்கிட்டு, விலையை உயர்த்தும்படி வால்மார்ட்டுக்கும் அதன் போட்டிக் கடைகளுக்கும் உத்தரவிட்டார்கள். தொழிலாளர் சங்கங்களோடும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2006-ல் எண்பத்தைந்து கடைகளையும் ஜெர்மனியின் மெட்ரோ கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறிற்று. அதே வருஷம் தென்கொரியாவிலும் பதினாறு கடைகளை உள்நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டுப் போயிற்று.

கொள்முதல் விலைக்குக் கீழே விற்பதைத் தடுக்க அங்கே ஓர் அதிகாரியும் ஒரு சட்டமும் இருந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். பெரிய கடையின் அளவைக் கண்டு மட்டும் நாம் மலைத்துப் போகிறோம். பல வருஷம் நஷ்டத்துக்கு விற்றுப் பக்கத்துக் கடையை மூடவைக்கும் அதன் சக்தி, அளவைவிட அபாயமானது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கே முன்வாசல் பூட்டியிருந்தது. ஆனால் மொத்த வியாபாரம் என்ற கொல்லைக்கதவு 1997 முதலே திறந்திருந்தது. கடைக்காரருக்கு விற்கலாம், குடும்பத்துக்கு விற்கக் கூடாது. இந்தக் கதவின் வழியாக 2003-ல் மேற்சொன்ன மெட்ரோ பெங்களூரில் நுழைந்தது. வால்மார்ட் 2007-ல் பார்தி கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, 2009-ல் அமிர்தசரஸில் முதல் மொத்தக் கடையைத் திறந்தது. பிரெஞ்சுக் கம்பெனியான கார்ஃபூர் 2010-ல் டில்லியில் வந்தது. இவர்கள் யாவரும் மொத்த வியாபாரம் செய்துகொண்டே, சில்லறைக் கதவு என்று திறக்கும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அதற்குள் எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து எந்த விலைக்கு வருகிறது, தெருக்கோடிக் கடைக்காரர் வாரத்துக்கு எத்தனை மூட்டை எடுக்கிறார் என்ற விவரமெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

கதவு 2012-ல் கொஞ்சம் திறந்தபோது நடந்தது விசித்திரம். நிபந்தனைகளைப் பார்த்து எல்லோரும் தயங்கினார்கள். வால்மார்ட்டும் பார்தியும் 2013-ல் பிரிந்தன. கார்ஃபூர் 2014-ல் ஐந்து கடைகளையும் மூடிவிட்டுப் போயிற்று. டெஸ்கோ என்ற ஆங்கிலக் கம்பெனி மட்டும் அவ்வருஷம் டாட்டாக்களுடன் பாதிக்குப் பாதி சேர்ந்துகொண்டது. மெட்ரோவோ, இருபது வருஷம் இருந்துவிட்டு, 2023-ல் தன் இந்தியக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் ஒப்படைத்தது. ஜெர்மனியில் வால்மார்ட்டின் கடைகளை வாங்கிய அதே மெட்ரோவுக்கு இங்கே அந்தக் கதி!

ஏன் தோற்றார்கள்? சட்டத்தைக் குறை சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நமது தெருமுனை அண்ணாச்சி கடையில் காணலாம். மாதக் கடைசியில், “பற்று எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி” என்றால் அவர் எழுதிக்கொள்கிறார். யாருக்கு எப்போது சம்பளம், யார் வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டம்மாள் எந்தப் பருப்பைத் திருப்பி அனுப்புவாள் என்பதெல்லாம் அவர் மனப்பாடம். ஐம்பது கிராம் மிளகு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். சிறுவனை அனுப்பினால் போதும், மூட்டை வீடு வந்து சேரும். இதற்கு ஈடாகக் கார்க்காரரை ஊருக்கு வெளியே வரச் சொல்லி, வண்டி தள்ளச் சொல்லும் கடை என்ன செய்ய முடியும்? ஒயிட்அவேக்குக் கடன் கொடுக்காமல் நடத்த முடிந்ததென்றால், அது சம்பளக்கார துரைமார்களை நம்பிய வியாபாரம்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நாம் இந்த வாரம் வேறு விஷயம் எழுதியிருப்போம்.

2018-ல் வால்மார்ட், கட்டடமே இல்லாத ஒரு கடையை வாங்கிற்று. பெங்களூரில் 2007-ல் இரண்டு இளைஞர்கள் புஸ்தகம் விற்க ஆரம்பித்த பிளிப்கார்ட் கம்பெனியில் நூற்றுக்கு 77 பங்கை, 1,600 கோடி டாலர் கொடுத்துத் தனதாக்கிக்கொண்டது. அமிர்தசரஸில் திறந்த மொத்தக் கடைகளும் 2020-ல் பிளிப்கார்ட்டுக்கே மாற்றப்பட்டன. பத்து லட்சம் ஜனத்தொகை என்ற எல்லைக்கோடு இதற்குப் பொருந்தாது. மாநிலத்தின் சம்மதமும் வேண்டியதில்லை. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் இது கடை அல்ல, சந்தை. அந்நிய முதல் உள்ள கம்பெனி இணையத்தில் சந்தை நடத்தலாம், தன் சொந்தச் சரக்கை அதில் வைத்து விற்கக் கூடாது என்பது விதி. 2013-ல் வந்த அமேசானுக்கும் இதே விதிதான். ஆக, 2012-ல் காந்தி ரோட்டில் எந்த வால்மார்ட்டைக் கண்டு பயந்தார்களோ, அது கட்டடம் எழுப்பாமலே ஒவ்வொரு வீட்டுக் கைப்பேசியிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அமிர்தசரஸ் கடையைப் பார்த்து நாம் அளந்துகொண்டிருந்தோம். அவர்களோ அண்ணாச்சியின் ‘வீட்டுக்கே வரும்’ என்ற ரகசியத்தைக் கற்றுக்கொண்டவனை விலைக்கு வாங்கினார்கள்.

இந்தச் சந்தையில் நமது ஊருக்கு என்ன நடக்கிறது? இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் நமது ஊரின் சோறு இதில் இருக்கிறது.

பெரிய அந்நியக் கடைகள் தமிழ்நாட்டில் விற்க வருவதற்கு வெகுகாலம் முன்பே வாங்க வந்தன. ஸ்வீடன் தேசத்து ஐகியா கம்பெனி 2018-ல்தான் ஹைதராபாத்தில் முதல் கடையைத் திறந்தது. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தியாவில் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தது. திருப்பூரின் பனியனும் கரூரின் மேஜை விரிப்பும் துண்டும் திரைச்சீலையும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கடைகளின் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தால் கரூர் என்ற பெயர் இருக்காது. கடையின் பெயர்தான் இருக்கும். நாளைக்கு வேறு நாட்டில் அரைக் காசு குறைவாகக் கிடைத்தால், வாங்குகிறவளுக்குத் தெரியாமலே கரூரின் இடத்தில் இன்னோர் ஊர் வந்துவிடும். உழைப்பு கரூருடையது, முகவரி கடையுடையது.

காஞ்சிபுரத்தின் அதிர்ஷ்டம், அதன் சரக்கும் ஊரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. நமது நெசவாளர் பணக்காரர் அல்ல. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பெரும்பாலோர் பாவும் ஊடையும் பிறரிடம் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்களே. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும், எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து துணை செய்ய வேண்டும், நாட்கணக்கில் வேலை. அந்தத் துணைக்கு உட்கார இப்போது வீட்டில் பிள்ளைகள் இல்லை. நாம் பாடம் சொல்லிக்கொடுத்த நெசவாளர் வீட்டுப் பையன்களில் பலர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எப்படியிருந்தாலும் ‘காஞ்சிபுரம்’ என்ற சொல் மட்டும் இன்னும் ஊரின் சொத்து. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

சந்தை கைப்பேசிக்கு வந்தபின் கொள்ளை போவது இந்தச் சொல்தான். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தட்டினால், சில நூறு ரூபாய்க்குப் புடவைகள் வரிசை வரிசையாக வருகின்றன. அசல் பட்டுக்கும் ஜரிகைக்கும் மட்டுமே ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதை அறிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். அறியாதவர், “இதோ காஞ்சிபுரம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, அந்தக் கடைக்காரன் ஏன் பன்னிரண்டாயிரம் கேட்டான்?” என்று கோபித்துக்கொள்வார். விசைத்தறியில் செயற்கை நூலால் நெய்து, காஞ்சிபுரம் ‘மாதிரி’ என்று சின்ன எழுத்திலும், காஞ்சிபுரம் என்று பெரிய எழுத்திலும் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சரக்கை ஏழைப் பெண் ஆசையோடு வாங்கிக் கட்டிக்கொள்வதில் நமக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அதற்கு ஏதாவது ஒரு பெயர் வைக்கட்டுமே! நமது ஊர்ப் பெயர் எதற்கு?

இதைக் கேட்டால் சந்தை நடத்துகிறவர்கள் சொல்லும் பதில் தயாராக இருக்கிறது: “விற்பவர் வேறு ஒருவர், நாங்கள் இடம் மட்டும் கொடுக்கிறோம்.” சொந்தச் சரக்கு வைத்திருக்கக் கூடாது என்று சிறு வியாபாரிகளைக் காப்பாற்றப் போட்ட விதியே, பொறுப்பைத் தட்டிக் கழிக்க நல்ல சாக்காக ஆகிவிட்டது. ராஜாஜி மார்க்கெட்டில் கூடக் கலப்பட எண்ணெய் விற்றால், கடையை வாடகைக்கு விட்டவரை நாலு பேர் கேட்பார்கள். ஆயிரத்து அறுநூறு கோடி டாலர் கொடுத்துச் சந்தையை வாங்கியவருக்கு, தன் பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் மெய்யா என்று பார்க்க ஆள் வைக்க முடியாதா? குறியீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களின் பட்டியல் சர்க்காரிடம் இருக்கிறது. அப்பட்டியலில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போடாதபடி தடுப்பது, இவ்வளவு பெரிய யந்திரசாலைகளை நடத்துகிறவர்களுக்குப் பிரமாத வேலையல்ல.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமேசான் 2016-லும் பிளிப்கார்ட் 2019-லும் நெசவாளர், கைவினைஞர் சரக்குகளுக்கென்று தனித் திட்டங்கள் ஆரம்பித்தன. சாமர்த்தியமுள்ள இளைஞர் ஒருவர் பிள்ளையார்பாளையத்துச் சந்திலிருந்து கௌஹாத்திக்குப் புடவை அனுப்ப இன்று வழி இருக்கிறது. அவருடைய தகப்பனாருக்கு அது கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே வெகுகாலமாக நெசவாளரின் பெயரால் நெய்து விற்கின்றன; கோ-ஆப்டெக்ஸுக்கோ 1935 முதல் வயது. இவர்கள் படம் எடுத்துப் போடவும், பொட்டலம் கட்டவும், கேட்ட கேள்விக்கு அன்றே பதில் எழுதவும் கற்றுக்கொண்டால், இடத்துக்கு வாடகை கொடுத்தும் பெயரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவை மூடுகிற பழக்கம் அதற்கு ஒத்துவராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கைப்பேசியில் வாங்கத் துணிகிற குடும்பத்தினர் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பட்டு முத்திரைச் சீட்டும் கைத்தறி முத்திரையும் படத்தில் தெரிகின்றனவா, விற்பவரின் ஊரும் விலாசமும் எழுதியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புடவை வந்ததும் பின்பக்கம் திருப்புங்கள். கோர்வையானால், உடலும் கரையும் சேரும் இடத்தில் ரம்பப் பல் போன்ற பிணைப்பு தடவினால் தட்டுப்படும். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பட்டு, மயிர் கருகுவது போல் நாறி, விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகிக் கட்டியாகும். அசல் ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். வேறு நிறம் தெரிந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது காரணத்தைக் கேட்கும் கட்டத்தில், “காஞ்சிபுரம் அல்ல” என்று தமிழிலேயே எழுதுங்கள்.